தொல்மாசோவ் சொல்லாமல் வைத்திருந்த சொல்

நெருப்பிடமிருந்து ஒருமுறையும் நகரசபையிடமிருந்து பலமுறையும் எங்கள் ஊர் நூலகத்தைக் காப்பாற்றித் தந்த அவைத்தலைவர், அம்மையார் ஸினயிதா கார்போவ்னா அவர்களே! முன்வரிசையில் பதக்கம் மின்ன, கம்பளிக் காலணி காய, கம்பீரம் குலையாமல் வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பிலிருந்த முட்டைக்கோஸ் சூப்பை இறக்கி வைத்துவிட்டு, அவசரமாய்த் தலைத்துணி கட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! லுஷ்னா ஆற்றில் இன்று பனி உடைகிறது என்று தெரிந்தும், அதை வேடிக்கை பார்க்கப் போகாமல் என் பேச்சைக் கேட்க வந்திருக்கும் தியாகிகளே! கடைசி வரிசையில் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கும் காளையரே, கன்னியரே! ஸரேச்சினோ நகரின் சான்றோர் அனைவரையும் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

அங்கே என்ன சிரிப்பு? டிராக்டர் ஓட்டுகிற கேஷாவா? எழுந்து கேளப்பா, எல்லோருக்கும் கேட்கட்டும்.

"ஒண்ணுமில்ல கொர்தேய் சவ்விச்! மாட்டு டாக்டருக்கு இலக்கிய மேடையில என்ன வேலைன்னு கேட்டேன்!"

நல்ல கேள்வி. கேஷா, மாட்டுக்கு வாய் பேசாது. வலி எங்கே என்று சொல்லாது. சொல்லாத வலியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. நான் இன்று பேச வந்திருக்கும் மாமனிதருக்கும் அதுதான் பிழைப்பு. போதுமா? உட்கார்.

அவையோரே! அர்சேனி லூகிச் தொல்மாசோவ்! இந்த ஆற்றங்கரையில் பிறந்தவர். இந்தச் சேற்றில் நடந்தவர். நாம் நின்று சளி சிந்துகிற அதே தெருமுனையில் நின்று சளி சிந்தியவர். எப்படி ஐயா, இதே ஊரில் இருந்துகொண்டு, இதே உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு, ஒரு மனிதன் அப்படி எழுத முடிந்தது? அள்ளி எழுதினாரா? ஆழ்ந்து எழுதினாரா? அழுது எழுதினாரா? எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல நான் வெட்கப்படவும் இல்லை. மலை முன்னால் நிற்பவன் அண்ணாந்து பார்த்தால் போதும், அளக்க வேண்டியதில்லை.

அவர் எழுதிய முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதமாட்டார். முதலில் தோட்டத்தில் நடப்பார். நடந்தபடி கதைமாந்தர் அத்தனை பேரின் பேச்சையும் தாமே உரக்கப் பேசுவார். கிழவனாகக் கெஞ்சுவார், கிழவியாகத் திட்டுவார், கவர்னராக அதட்டுவார். வேலிக்கு வெளியே போகிற குடியானவர்கள், "அய்யாவுக்கு இன்னைக்கு யாரோட சண்டை?" "தன்னோடதான், வேற யாரோட!" என்று பேசிக்கொண்டே போவார்களாம். பேச்சு வாயில் சரியாக வந்த பிறகுதான் பேனாவை எடுப்பார். அவருக்கு மனிதன் என்றால் முகமல்ல, உடையல்ல, மீசையல்ல. ஒருவர் இன்னொருவரை எப்படிக் கூப்பிடுகிறார்? அதுதான் மனிதன்.

பெருவெள்ளக் காலத்தைப் பற்றி அவர் எழுதிய நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். அவள் கத்துகிறாள், "நீ ஒரு மனுசனா? நீ உருப்படுவியா?" அத்தியாயம் முழுக்கக் கத்துகிறாள். தட்டு பறக்கிறது, தலையணை பறக்கிறது. கணவன் கலங்கவே இல்லை. கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு அவள் அடங்குகிறாள். தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "நீங்க போகலாம்" என்கிறாள். அவ்வளவுதான்! அவன் துள்ளி எழுகிறான். தொப்பியைத் தேடுகிறான், தலையிலேயே இருக்கிறது. அந்த வீட்டில் கல்யாணம் அந்த நொடியில் முடிந்தது. ஒரு 'நீங்க'ளால் ஒரு குடும்பத்தை இடித்துக் காட்டிய கை, அவையோரே, அது எப்பேர்ப்பட்ட கை!

தாய்மார்கள் பக்கம் சிரிப்பு கேட்கிறது. புரிகிறது, புரிகிறது. உங்களில் பலர் இதை வீட்டில் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

போர்க்களத்தைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு தளபதி வருகிறார். சிப்பாய்களை நாய், கழுதை என்றே அழைப்பவர். குண்டு பாய்ந்து கிடக்கையில், தண்ணீர் கொண்டுவந்த சிப்பாயிடம், "தம்பி, உன் பேரென்ன? உங்கப்பா பேரென்ன?" என்று கேட்கிறார். அந்தச் சிப்பாய் பதில் சொல்வதற்குள் தளபதி இறந்துவிடுகிறார். அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் யாரையும் திட்டவில்லை. என் உதவியாளரைக் கேளுங்கள், எனக்குக் காய்ச்சல் என்றே நினைத்துவிட்டார்.

நம் நாட்டில் ஒருவரை மதிக்கிறோம் என்றால் என்ன செய்கிறோம்? பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம். மதிக்கவில்லை என்றால்? பெயரைச் சுருக்கி, வாலில் ஒரு 'கா'வை ஒட்டிவிடுகிறோம். வேலைக்காரிக்கு ஒரு கா, வண்டிக்காரனுக்கு ஒரு கா, நாய்க்குட்டிக்கு ஒரு கா! நம் கையில் அது சின்ன எழுத்து. கேட்பவர் காதில்? அதைக் கேட்டே வளர்ந்தவர் ஒருவரின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஒல்கோவ்கா பண்ணையின் எஜமான் லூக்கா தொல்மாசோவ். அவருக்கு மனைவி இல்லை, மகன் உண்டு. மகனைப் பெற்றவள் யார்? பண்ணையின் பாலறையில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த அடிமைப் பெண். அவள் பெயர் பெலகேயா. எஜமான் வைத்த பெயர் பாலாஷ்கா. மகனுக்கு எஜமான் தம் குடும்பப் பெயரைக் கொடுத்தார், பட்டுச்சட்டை கொடுத்தார், பிரெஞ்சு வாத்தியாரைக் கொடுத்தார். தாயை மட்டும் கொடுக்கவில்லை. மகன் மாளிகையில், தாய் பாலறையில். நடுவே ஒரு முற்றம். அதைத் தாண்டக் கூடாது.

சின்னப் பிள்ளை அர்சேனி விருந்தில் உட்கார்ந்திருக்கிறான். பெரியவர்களைப் பார்த்து அதட்டக் கற்றுக்கொண்டுவிட்டான். மேசையைத் தட்டி, "பாலாஷ்கா! பாலாடை கொண்டா!" என்கிறான்.

லூக்கா வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! எஜமான் ரத்தம் பேசுது!"

அவள் கிண்ணத்தோடு வருகிறாள். தான் பெற்ற பிள்ளைக்கு முன்னால் குனிகிறாள். "இந்தாங்க சின்ன எஜமான், சாப்பிடுங்க."

ஐயோ! இந்த இடத்தை என்னால் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. அந்த லூக்கா மட்டும் இன்று உயிரோடிருந்தால், என் பெரிய ஊசிகளில் ஒன்றை அவருக்கென்றே எடுத்து வைத்திருப்பேன்.

கைதட்டாதீர்கள். இன்னும் இருக்கிறது.

அர்சேனிக்கு உண்மை தெரிந்தது சமையல்காரி வாயால். கோபத்தில் அவள், "பெத்தவளையே பேரச் சொல்லிக் கூப்புடுது, அதட்டுது, இதெல்லாம் வெளங்குமா?" என்று முணுமுணுத்தாள். பிள்ளை ஓடினான். முற்றத்தைத் தாண்டினான். பாலறை வாசலில் மூச்சிரைக்க நின்றான். "அம்மா" என்று வாயைத் திறப்பதற்குள் அவள் ஓடிவந்து, வெண்ணெய் ஒட்டிய கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"வேணாம் சின்ன எஜமான், வேணாம்! அந்த வார்த்தை பெரியவர் காதுல விழுந்துச்சுன்னா என்னைய வேற பண்ணைக்கு வித்துருவாரு. பாலாஷ்கான்னே கூப்புடுங்க. நான் இங்கயே இருப்பேன். தூரத்துல இருந்தாவது உங்களப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

தாயை 'அம்மா' என்றால் தாயை இழப்பான். 'பாலாஷ்கா' என்றால் தாய் கண்ணெதிரே இருப்பாள். இப்படி ஒரு பேரத்தை எந்தப் பிள்ளைக்காவது எந்த நாடாவது விதித்ததுண்டா? அவன் 'பாலாஷ்கா' என்றே கூப்பிட்டான். அவளைக் காப்பாற்ற அவளை அவமதித்தான். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும்!

காலம் போனது. லூக்கா போய்ச் சேர்ந்தார். அடிமைமுறை ஒழிந்தது. அரசாணையைத் தேவாலயத்தில் வாசித்தார்கள், மணி அடித்தார்கள், எல்லோரும் அழுதார்கள். சட்டம் மாறியது. நாக்கு மாறியதா? ஊருக்கு அவள் பாலாஷ்காதான். மகனுக்கு? ஐரோப்பாவே எழுந்து நின்று வணங்கிய எழுத்தாளர், பெற்ற தாயிடம் பேசும்போது எப்படிப் பேசினார் தெரியுமா? 'பாலாஷ்கா' என்று சொல்ல மனம் வரவில்லை. 'அம்மா' என்று சொல்ல வாய் வரவில்லை. 'நீ'யும் இல்லை, 'நீங்க'ளும் இல்லை. "வந்தாச்சா?" "சாப்பிட்டாச்சா?" "முதுகுவலி தேவலையா?" "குளிருக்குச் சால்வை போதுமா?" ஆளே இல்லாத வாக்கியங்கள்! மொழியின் மன்னர் தம் தாய்முன் விளிச்சொல் இல்லாமல் பேசினார். அவளோ மாறாமல், "நல்லாருக்கேன் எஜமான், நீங்க எப்புடி இருக்கீங்க?" என்பாள். நகரத்தில் வீடு வாங்கி, அவளை வரச் சொன்னார். வந்தாள், பின்வாசல் வழியாக. மறுநாளே ஒல்கோவ்காவுக்குத் திரும்பிவிட்டாள்.

வாயால் முடியாததைக் கையால் செய்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காகவே கடைசி நாவலை எழுதினார். பாலறையும் பண்ணையும் வருகிற நாவல். கதை முழுக்க எல்லோரும் அந்தப் பால்காரியை 'பாலாஷ்கா' என்றே அழைக்கிறார்கள், அதட்டுகிறார்கள். கடைசியில் எஜமானின் மகன் ராணுவ அதிகாரியாகத் திரும்பி வருகிறான். விருந்து நடக்கிறது. அவள் தேநீர் கொதிக்கிற சமோவாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறாள். அவன் எழுந்து, விருந்தினர் அத்தனை பேர் முன்னிலையிலும், "உட்காருங்க, பெலகேயா நசாரவ்னா" என்கிறான். நாவல் அந்த வரிக்காக எழுதப்பட்டது. அந்த வரி அவர் தாயின் முழுப்பெயருக்காக எழுதப்பட்டது.

ஒல்கோவ்காவுக்குப் போய் அவளிடம் சொன்னார். "புதுக் கதை வருது. ஸரேச்சினோவுல பிரபுக்கள் மண்டபத்துல வாசிக்கிறேன். கட்டாயம் வரணும். கேக்கணும்."

"எனக்கென்ன எஜமான் தெரியும் கதையப் பத்தி?"

"அதுல ஒருத்தர் பேரு வருது. அச்சுல வருது."

எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் அச்சென்றால் அவளுக்கு அப்படியொரு பக்தி. "அச்சுல வந்துட்டா அப்புறம் யாராலயும் மாத்த முடியாதாமே, நெசமா?" என்று கேட்டாள்.

"நெசம்" என்றார்.

கையெழுத்துப் பிரதி தலைநகருக்குப் போனது. பத்திரிகை அலுவலகத்தில் பிழைதிருத்துபவர் ஒருவர் இருந்தார். கெட்டவர் அல்ல, அவையோரே, தயவுசெய்து அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். கருத்தானவர், கடமை தவறாதவர், ஒரு காற்புள்ளிக்காகக் கண் விழிப்பவர். அவர் அந்த வரிக்கு வருகிறார். கண்ணாடியைத் துடைக்கிறார். பால்காரிக்குத் தகப்பன் பெயரா? பால்காரிக்கு 'நீங்க'ளா? அதுவரை எல்லா இடத்திலும் 'பாலாஷ்கா' என்றல்லவா இருக்கிறது? பாவம், எழுத்தாளர் களைப்பில் தவறிவிட்டார்! ஓர் அடித்தல். ஒரு திருத்தம். "உக்காரு, பாலாஷ்கா." ஓர் எழுத்தாளரின் மானத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு அவர் தேநீர் குடிக்கப் போனார்.

சிரிக்கிறீர்களா? இந்த மண்டபத்தைத் தினமும் கழுவி, நீங்கள் துப்புகிற விதைத்தோலைத் தினமும் பெருக்குகிற பெண்மணி யார்?

"தோஸ்யா!"

எவ்வளவு வேகமாகச் சொன்னாய் கேஷா! அவர் முழுப்பெயர்? தகப்பன் பெயர்? ஏன் ஊர் முழுக்க வாயடைத்துப் போனது? அவைத்தலைவர் அவர்களே, நீங்களும் மேசைவிரிப்பைப் பார்க்கிறீர்களே?

"யெவ்தோகியா கிளிமவ்னா. தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல? இப்பக் கதையச் சொல்லி முடிங்க டாக்டர், நான் கதவப் பூட்டணும்."

நன்றி, யெவ்தோகியா கிளிமவ்னா. பார்த்தீர்களா, அந்தப் பிழைதிருத்துபவர் செத்துப் போகவில்லை. நம் ஒவ்வொருவர் வாயிலும் உட்கார்ந்து இன்றைக்கும் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறார்!

வாசிப்பு நாள் வந்தது. இதே மண்டபம். இதே ஜன்னல்கள். பகல் வெளிச்சம், வாசலில் குதிரை வண்டிகள், உள்ளே நரித்தோல் வாசனை. மாவட்டத்துப் பிரபுக்கள் எல்லாம் முன்வரிசைகளில். பத்திரிகைக் கட்டு அன்று காலை ரயிலில்தான் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகை புத்தகம்போல் தடிமனாக, தாள்களின் மடிப்பு வெட்டப்படாமல் வரும். அவர் மேடையிலேயே சின்னக் கத்தியால் ஒவ்வொரு மடிப்பாக வெட்டி வெட்டி வாசிக்கிறார். உள்ளே என்ன அச்சாகியிருக்கிறது என்பதை வாசிக்கும்போதுதான் அவரே பார்க்கிறார்.

அவள் வந்திருந்தாளா? வந்திருந்தாள். முன்வரிசையில் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அவள் அதில் உட்காரவில்லை. அதோ அந்தக் கதவருகே, மேலங்கி வாங்கி வைக்கிற பெண்களோடு பெண்ணாக, ஈரமான கம்பளிக் காலணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் வாசிக்கிறார். கடைசி மடிப்பை வெட்டுகிறார். விருந்து வருகிறது. சமோவார் வருகிறது. "அதிகாரி எழுந்தான். அந்தப் பெண்ணைப் பார்த்தான். எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னான்..."

நின்றுவிட்டார்.

அச்சில் இருக்கிறது, "உக்காரு, பாலாஷ்கா."

அவையோரே, எண்ணிப் பாருங்கள்! தாம் எழுதியதை மனத்திலிருந்து சொல்லியிருக்கலாமே? யாருக்குத் தெரியும்? யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சொல்ல முயன்றார். முடியவில்லை. அச்சில் இருக்கிறது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அச்சில் இல்லை. இல்லாததை இருப்பதாக வாசித்து அவளை ஏமாற்றுவதா? அச்சில் இருப்பதையே வாசித்து, சிறுவயதில் மேசையைத் தட்டிச் சொன்னதை இப்போது ஊரறிய இன்னொருமுறை சொல்வதா?

பிரபுக்கள் சங்கத் தலைவரின் மனைவி விசிறியை மடக்கினாள். "அவருக்கு முடியல போலிருக்கு. யாராவது தண்ணி குடுங்களேன்!" என்றாள்.

அவர் புத்தகத்தை மூடினார். மேடையை விட்டு இறங்கினார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். கத்தி இன்னும் கையில் இருப்பதைக்கூட மறந்திருந்தார். பட்டுப் பாவாடைகள் ஒதுங்கின. கதவருகே போய் நின்று சொன்னார்.

"பெலகேயா நசாரவ்னா."

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பின்னால் திரும்பிப் பார்த்தாள்! தனக்குப் பின்னால் யாரோ பெரிய வீட்டு அம்மாள் நிற்கிறாள், வழிவிட வேண்டும் என்று நினைத்து ஒதுங்கினாள்! பின்னால் சுவர். சுவரில் மாட்டிய மேலங்கிகள். பிறந்ததிலிருந்து அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. தகப்பன் நசார் என்பதே அவளுக்கு மறந்து போயிருக்குமோ என்னவோ.

"உங்களத்தான், அம்மா" என்றார் அவர். "உங்களத்தான் கூப்புடுறேன். வாங்க. முன்னால வந்து உட்காருங்க."

முன்வரிசையில் யாரோ செருமினார்கள். "பால்காரிக்கா இந்தக் கூத்து?" என்று ஒரு குரல் கேட்டது. அவர் காதில் விழவில்லை. பொத்தி வைத்த வாய் திறந்துவிட்டது. யாரும் அச்சடிக்காத சொல், யாராலும் திருத்த முடியாத சொல், ஊரார் முன்னிலையில் வெளியே வந்துவிட்டது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இவள் இதை ஏற்பாளா? அல்லது, "வேணாம் எஜமான்" என்று மறுபடி அந்தக் கையைத் தூக்கி வாயைப் பொத்துவாளா?

அவள் கையைத் தூக்கினாள். மண்டபமே அந்தக் கையைப் பார்த்தது. அது அவர் வாய்க்குப் போகவில்லை. அவர் விரல்களைப் பிரித்து, அந்தக் கத்தியை மெல்ல வாங்கி, மேலங்கிப் பெண்ணிடம் கொடுத்தது. பிறகு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"நான் உக்காருறது இருக்கட்டும்" என்றாள். "மொதல்ல நீ உக்காருடா சேன்யா. நிக்க முடியாம காலு நடுங்குது பாரு ஒனக்கு."

நீ!

அவையோரே, எஜமான் போய், அர்சேனி செல்லமாய்ச் சேன்யா ஆகி, நீ! அவரைப் புகழாத பத்திரிகை இல்லை. அவர் பெறாத பட்டம் இல்லை. எந்த மேடையிலும் அழாத மனிதர், அந்த ஓரெழுத்துச் சொல்லைக் கேட்டு, மேலங்கிகளுக்கு நடுவே, அதோ அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, குழந்தையாய் விம்மி விம்மி அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முன்வரிசை நாற்காலி காலியாகவே இருந்தது.

இதற்குமேல் சொல்ல எனக்கென்று ஒரு சொல்லும் இல்லை. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்க்கும், வாயில் விதை இருந்தும் கடிக்க மறந்துபோன கேஷாவுக்கும், கதவைப் பூட்டாமல் காத்திருந்த யெவ்தோகியா கிளிமவ்னாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஆற்றில் பனி உடைந்து ஓடுகிறது, போய்ப் பாருங்கள். வணக்கம்.